ஆற்றங்கரைச் சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

சிறிய ஆற்றங்கரை ஊர்களைச் சுற்றி நல்ல சரளைப் பாதைகள் அமைந்திருப்பது தற்செயலன்று. வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய கரையின் மேல் ஒரு தடம், படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த காலத்துப் பாதை, வயலுக்கும் காட்டுக்கும் போகும் வண்டித்தடம், தண்டவாளம் அகற்றப்பட்ட பழைய ரயில் தடம் எனப் பலவும் ஆற்றை ஒட்டியே உருவானவை. இவற்றில் பெரும்பாலானவற்றில் தார் இல்லை, வண்டி நெரிசலும் இல்லை. இந்தப் பாதைகளில் ஏறத்தாழ 25 கி.மீ. தூரத்தை முதன்முறையாகப் பாதுகாப்பாகவும் மகிழ்ச்சியாகவும் ஓட்டி முடிப்பதற்கான வழிமுறையை இங்கே தருகிறேன். தார்ச்சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் சரளையில் முதலில் கற்க வேண்டியது தளர்வு: டயரில் காற்று சற்றுக் குறைய வேண்டும், கையின் பிடி இளக வேண்டும், வேகம் தணிய வேண்டும்.

படி 1: வண்டியைத் தயார் செய்தல்

கிராவல் பைக் (சரளைப் பாதைக்கான சைக்கிள்) என்பது பந்தய சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார் கொண்டது. ஆனால் அகலமான டயருக்கு இடமும், டிஸ்க் பிரேக்கும், மேடேறத் தோதான இலகுவான கியர்களும் அதில் இருக்கும். அது கையில் இல்லையென்றால் முதல் பயணத்துக்காகவே புதிதாக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. மவுண்டன் பைக்கோ, அகலமான டயர் ஏற்கும் சாதாரண சைக்கிளோ போதும். டயரின் அகலம் 35 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். தொடக்கத்தில் 40 மி.மீ. மிகப் பொருத்தமானது. பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தில் உள்ள பற்களின் எண்ணிக்கை, முன்பக்கத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் உள்ளதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் (முன்னால் 40, பின்னால் 42 என்பது போல), ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறும் சரிவுகளை உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம்.

சீட்டின் உயரத்தைச் சரிபார்க்க, பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் முழுவதும் நீண்டிருந்தால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே சற்று மடங்கியிருக்கும்.

படி 2: காற்றழுத்தத்தை அமைத்தல்

புதியவர்கள் மிகுதியாகத் தவறு செய்யும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதன்முதலில் சரளையில் இறங்கியபோது தார்ச்சாலையில் பழகிய 60 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தோடு நான் கிளம்பினேன். கரைமேல் இருந்த ஒரு சாதாரண வளைவில் முன்சக்கரம் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். கல்லென இறுகிய டயர் ஒவ்வொரு சரளைக் கல்லின் மீதும் ஏறிக் குதிக்கிறது; அந்தக் குதிப்பில் சக்கரம் தரையை விட்டு எழுகிறது; எழுந்த சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது. வண்டியும் உடலும் ஓயாமல் மேலெழும்பி விழுவதில், முன்னேறுவதற்குப் பயன்பட வேண்டிய உழைப்பும் வீணாகிறது. அழுத்தம் குறைந்த டயரோ கல்லைச் சுற்றி அமுங்கி, அதைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருள்கிறது.

சுமார் 70 கிலோ எடையுள்ளவர் ட்யூப் போட்ட 40 மி.மீ. டயரில் பின்சக்கரத்துக்கு 38 பிஎஸ்ஐ, முன்சக்கரத்துக்கு 34 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். எடை கூடினால் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டவும், குறைந்தால் குறைக்கவும். பின்சக்கரம் அதிக எடையைத் தாங்குவதால் அதற்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே பாதைத் துண்டில் போய்த் திரும்பி, ஒவ்வொரு முறையும் 2 பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். கைகளில் அதிர்வு அடங்கி, வளைவில் வண்டி தரையைப் பற்றுவது தெரியும் கட்டம் ஒன்று வரும். அதற்கும் கீழே இறக்கினால் கல்லில் மோதும்போது டயர் முழுக்க அமுங்கி, ரிம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்கும். உடனே 2 அல்லது 3 பிஎஸ்ஐ கூட்டிவிடுங்கள். இல்லையேல் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு துளைகள் விழும். ட்யூப் இல்லாத, துளையை அடைக்கும் திரவம் உள்ளே ஊற்றிய டியூப்லெஸ் டயரில் இந்த ஆபத்து மிகக் குறைவு என்பதால் மேலும் சில பிஎஸ்ஐ குறைக்கலாம்.

கல்லின் தன்மையும் முக்கியம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நியோஷோ, காட்டன்வுட் என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடையே உள்ள எம்போரியா என்ற சிறு நகரத்தில், 2006-இல் தொடங்கிய 200 மைல் சரளைப் பந்தயம் இன்று இத்துறையில் உலகப் புகழ் பெற்றது. அந்த நகரத்தைச் சூழ்ந்துள்ள ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளின் சிக்கிமுக்கிக் கற்கள் டயரின் பக்கச் சுவரைக் கத்தி போலக் கிழிக்கக்கூடியவை. ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கல்லோ டயரை வெட்டாது. ஆனால் கோலிக்குண்டு போலச் சக்கரத்தின் அடியில் உருளும். உங்கள் பாதையில் எந்தக் கல் என்று முதலில் கையில் எடுத்துப் பாருங்கள்.

படி 3: பாதையைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பாதியில் ஆறு வரும் திசையை நோக்கிச் செல்லுங்கள். மேலோட்டமாகச் சமதளம் போலத் தெரிந்தாலும் அது மெல்லிய ஏற்றம். களைத்துத் திரும்பும்போது ஆறு போகும் திசையிலேயே இறங்கி வரலாம். பள்ளத்தாக்கில் காற்று பெரும்பாலும் அதன் நீளவாக்கிலேயே வீசும் என்பதால், காற்று பலமாக இருக்கும் நாளில் அதையும் பாருங்கள். எதிர்க்காற்று முதல் பாதியில் அமைவதே நல்லது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவச இணைய வரைபடத்தில் வண்டித்தடங்கள் 1 முதல் 5 வரை தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 1 என்பது மிக உறுதியான தளம், 5 என்பது மிருதுவான மண் தடம். புதியவர்கள் 1 முதல் 3 வரையே வைத்துக்கொள்வது நலம். தேர்ந்தெடுத்த வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். மணிக்கு 15 கி.மீ. வேகம் என்று கணக்கிட்டு, நின்று ஆற்றைப் பார்ப்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். அப்படி நிற்பதற்காகத்தானே அங்கே போகிறோம்!

மழைக்குப் பிறகு இரண்டொரு நாள் பொறுத்துச் செல்வதே என் வழக்கம். வெள்ளம் வடிந்த தாழ்வான தடத்தில் வண்டல் படிந்திருக்கும். ஈரத்தில் சக்கரம் பதித்த தடம் காய்ந்ததும் இறுகி, பிறகு வருபவருக்கு இடையூறாகும். பாதையின் குறுக்கே நீர் ஓடிக்கொண்டிருந்தால் ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் இறங்காமல் திரும்பிவிடுங்கள். அதிகாலையில் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் தங்கும் என்பதால் முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம் வேண்டும்.

படி 4: சரளையில் ஓட்டும் முறை

சரளையில் வண்டி காலடியில் எப்போதும் சற்று அசையும். அந்த அசைவை அடக்க முயல்வதுதான் விழுவதற்குக் காரணமாகிறது. முழங்கைகளை மடக்கி, விரல்களைத் தளர்த்தி, உடலை அமைதியாக வைத்துக்கொண்டு, வண்டியை அதன் போக்கில் அசைய விடுங்கள். பார்வை முன்சக்கரத்தில் நிற்காமல், போக விரும்பும் வழியில் 10 முதல் 15 மீட்டர் முன்னால் இருக்கட்டும். கல்லையே உற்றுப் பார்த்தால் கல்லின் மேல்தான் போய் ஏறுவோம்.

வளைவு வருவதற்கு முன்பே, நேராகச் செல்லும்போதே, இரண்டு பிரேக்குகளையும் மெல்லப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள், முன்பிரேக்கை அறவே தொடாதீர்கள். வளைவின் வெளிப்பக்கக் காலைக் கீழே இறக்கி, அந்தப் பெடலின் மேல் எடையை ஊன்றினால் டயர் தரையை நன்றாகப் பற்றும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுமை இழந்து வீணாகச் சுழலும். இலகுவான கியரில் உட்கார்ந்தபடியே மிதியுங்கள். இறக்கத்தில் ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்தால் பிரேக்கைக் குறைந்த விசையில் இழுக்கலாம், கை நழுவாது. பெடல்களைச் சமமட்டத்தில் வைத்து, சீட்டிலிருந்து சற்றே எழும்பிக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரையில் திடீரென மணல் திட்டு வரும். அதற்கு முன்பே ஒரு கியர் இறக்கி, மிதிப்பதை நிறுத்தாமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள். நனைந்த மரப்பாலத்திலும் அப்படியே: பிரேக் இல்லை, திருப்பம் இல்லை.

படி 5: எடுத்துச் செல்ல வேண்டியவை

தலைக்கவசம், மாற்று ட்யூப், டயர் நெம்பி, பம்ப், மடக்குக் கருவி (பல சிறு சாவிகள் ஒன்றாக மடங்கியது), ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் கொஞ்சம் உணவு. ட்யூப் மாற்றுவதை வீட்டில் ஒருமுறை செய்து பழகுங்கள். புது ட்யூப் போடும் முன் டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவி, குத்திய பொருளை நீக்காவிட்டால் அடுத்த ட்யூபும் அதே இடத்தில் பஞ்சராகும்.

நடப்பவர்களை நெருங்கும்போது தொலைவிலேயே மணியடித்து, வேகம் தணித்து, அவர்களுக்கு வழிவிடுங்கள். குதிரை எதிர்ப்பட்டால் நின்று, குரல் கொடுத்து, சவாரி செய்பவர் சொன்ன பிறகே கடந்து செல்லுங்கள். வழியில் உள்ள படல் மூடியிருந்தால் திறந்து கடந்தபின் மூடிவிடுங்கள்; திறந்திருந்தால் அப்படியே விடுங்கள்.

படி 6: திரும்பி வந்த பிறகு

மண்ணை வாளித் தண்ணீராலும் துணியாலும் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சும் நீர் பேரிங்குகளுக்குள் புகுந்து கிரீஸை அகற்றிவிடும். செயினைத் துடைத்துக் காயவைத்து எண்ணெயிட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். டயரில் வெட்டு இருக்கிறதா, பிரேக் பேடு தேய்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். ஆற்று மணல் பேடுகளை விரைவில் அரித்துவிடும். இறுதியாக, அன்று வைத்திருந்த காற்றழுத்தத்தையும் பாதையின் நிலையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை அதிலிருந்து 1 பிஎஸ்ஐ மட்டும் மாற்றிப் பாருங்கள்.