வறட்சியில் காட்டைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மார்ச் மாதக் கடைசியில் தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிப் பக்கம் போனால், சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் இலையில்லாமல் குச்சி குச்சியாக நிற்கும். வண்டியில் வருபவர்களில் யாராவது ஒருவர் "காடே பட்டுப்போச்சே" என்பார். முதல் தவறு இதுதான். முதுமலையின் இந்தப் பகுதி வறண்ட இலையுதிர் காடு. இலையை உதிர்ப்பது இங்கே சாவின் அறிகுறி அல்ல, தண்ணீர்ச் செலவை நிறுத்தும் வழி. மரம் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியாகத்தான் ஆவியாகிப் போகிறது. இலை போனால் அந்தச் செலவு நின்றுவிடும். பல இனங்கள் பருவமழைக்குக் காத்திராமல், ஏப்ரல் மே வெயிலிலேயே தளிர் விடுகின்றன. அடிமரத்தில் தேங்கிய நீரோ ஆழத்து ஈரமோ இல்லாமல் அது முடியாது. உங்கள் தோட்டத்து மரத்தில் சந்தேகம் வந்தால் ஒரு சிறு கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். தோலுக்கடியில் பச்சை இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கோடரியை எடுக்க அவசரம் வேண்டாம்.

அடுத்த தவறு, காட்டின் அடியில் இருக்கும் நீரை ஒரே குடமாக நினைப்பது. எல்லா மரமும் அந்த ஒரே குடத்தில் வாய் வைத்துக் குடிக்கிறது, வலுத்தது ஜெயிக்கிறது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் மண்ணுக்குள் நீர் அடுக்கடுக்காக இருக்கிறது. மேலே உள்ள ஓரிரு மீட்டர் மண், ஒரு நல்ல மழையில் நனையும், சில வாரங்களில் காயும். அதற்குக் கீழே சிதைந்த பாறை அடுக்கு. அங்கே நீர் போய்ச் சேர மழை மேலே தேவையான அளவுக்கு மிஞ்ச வேண்டும். அப்படிப்பட்ட ஆண்டுகள் அடிக்கடி வருவதில்லை.

இதைத் தெளிவாகக் காட்டியது முதுமலைதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் 1988-இல் அங்கே 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, அன்றிலிருந்து வளர்ச்சியையும் சாவையும் பதிவு செய்து வருகிறார்கள். தேக்கு, வெண்தேக்கு, கருமருது, வெக்காலி ஆகியவைதான் அங்கே அதிகம். ருதுஜா சித்ரா தாரக்கும் சுகுமார் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் இந்தப் பதிவுகளில் சுமார் 20 ஆண்டுக் கணக்கை எடுத்து, எந்த ஆழத்தில் எப்போது எவ்வளவு நீர் இருந்தது என்று, மண்ணுக்குள் நீரின் போக்கைக் கணக்கிடும் நீரியல் மாதிரி மூலம் கணித்து, 12 இனங்கள் எந்த ஆழத்திலிருந்து குடிக்கின்றன என்று பிரித்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு, நான் அதுவரை நம்பியிருந்ததைப் புரட்டிப் போட்டது.

ஆழ வேர் விட்ட மரம் வறட்சியைத் தாங்கும் என்பதுதான் நம் எல்லோருடைய நம்பிக்கை. சாதாரண ஆண்டுகளில் அது சரிதான். ஒரு வருடம் மழை குறைந்தாலும் ஆழத்து மரத்துக்கு அது உறைப்பதில்லை. ஆனால் மழை பல ஆண்டுகள் தொடர்ந்து பொய்த்தபோது, ஆழத்து நீரை நம்பியவை என்று கணிக்கப்பட்ட இனங்களில்தான் சாவு அதிகமாக இருந்தது. காரணம் எளிது. ஆழத்து நீர் ஒருமுறை வற்றினால் மறுபடி நிரம்ப நீண்ட காலம் பிடிக்கும். மழை திரும்பி வந்ததும் மேல்மண் முதலில் நனைகிறது, மேல்வேர் மரங்கள் முதலில் குடிக்கின்றன, மிச்சம்தான் கீழே இறங்குகிறது. நம் ஊரில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்: ஒரு நல்ல மழையில் திறந்த கிணற்றில் தண்ணீர் ஏறிவிடும், ஆழ்துளைக் கிணறு அதே வேகத்தில் தேறாது. ஒரே காட்டில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்றுக்கு வறட்சி முடிந்திருக்கும், மற்றதற்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் மழைக்கணக்கை மட்டும் வைத்து "வறட்சி தீர்ந்தது" என்று முடிவு கட்டுவதும் தவறுதான்.

அப்புறம், கலப்புக் காடு என்றாலே தாங்கும் என்ற எண்ணம். ஓரினத் தோப்பைவிடக் கலப்புக் காடு பல வகையில் மேலானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் எத்தனை இனம் என்பதைவிட, யார் பக்கத்தில் யார் என்பதே முக்கியம். 2014-இல் ஐரோப்பாவின் ஐந்து வகைக் காடுகளை ஒப்பிட்ட ஆய்வில், கலப்பு சில காடுகளில் வறட்சி அழுத்தத்தைக் குறைத்தது, மற்றவற்றில் எந்த உதவியும் செய்யவில்லை. தெற்கு ஜெர்மனியின் கிரான்ஸ்பெர்க் காட்டில் 2014 முதல் 2018 வரை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களுக்கும் பீச் என்ற அகன்ற இலை மரங்களுக்கும் அடியில் கூரை போட்டு வளரும் பருவத்து மழையைத் தடுத்துப் பார்த்தார்கள். ஸ்புரூஸ் மேலோட்டமாக வேர்விட்டு, ஈரம் குறைந்ததும் இலைத்துளைகளைச் சீக்கிரம் மூடும் மரம். பீச் இன்னும் கொஞ்ச காலம் திறந்து வைத்துக் குடித்துக்கொண்டே இருக்கும். இப்படி ஒரு சிக்கன மரமும் ஒரு செலவாளி மரமும் ஒரே மண்ணடுக்கில் வேர்விட்டால், சிக்கன மரம் மிச்சம் பிடிக்கும் நீரையும் அடுத்தது குடிக்கக்கூடும்.

ஆழ வேர் மரம் இரவில் நீரை மேலே ஏற்றிப் பக்கத்துச் செடிகளுக்கு ஊட்டுகிறது என்று இப்போது பலரும் பரவசத்தோடு சொல்கிறார்கள். நீர் ஏறுவது உண்மை. அமெரிக்காவில் சுகர் மேப்பிள் மரங்களைச் சுற்றியிருந்த செடிகள் அந்த நீரைப் பயன்படுத்தியதை டாட் டாசன் என்ற ஆய்வாளர் 1993-இல் காட்டினார். ஆனால் அதைத் தானமாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஈரமான இடத்திலிருந்து காய்ந்த இடத்துக்கு வேர் வழியாக நீர் நகர்கிறது, அவ்வளவுதான். மேலே நனைந்து கீழே காய்ந்திருந்தால் அதே வேர் நீரைக் கீழேயும் இறக்கும். ஆழமும் வற்றிவிட்டால் ஏற்ற ஒன்றும் இருக்காது.

தோட்டத்தில் கலப்பு மரம் நடுபவர்களுக்கு இதிலிருந்து உடனே உதவுவது சில விஷயங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டு வளர்த்த கன்று மேல்மண்ணிலேயே வேரைப் பரப்பும். இடைவெளி விட்டு, விடும்போது ஆழமாக நனையும்படி விடுங்கள். நெருக்கி நட்ட தோப்பில் மூன்றாம் நான்காம் ஆண்டில் இடையிடையே சில மரங்களை வெட்டிக் கலைத்துவிட வேண்டியிருக்கும். வளர்த்த மரத்தை வெட்ட மனம் வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் கடும் கோடைக்கு முன் சிலவற்றை எடுத்தால்தான் மற்றவற்றுக்கு மிஞ்சும். தென்னையின் சல்லிவேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே இருப்பதால், அதன் வட்டப்பாத்திக்குள் வேறு மரத்தை வைக்காதீர்கள்.

சேதத்தைக் கணக்கெடுப்பதிலும் அவசரப்படுகிறோம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது, 2017 ஜனவரியில் மாநிலம் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு கோடை முடிந்ததும் நின்ற மரங்களை எண்ணிவிட்டு நிம்மதியடைந்தால் கணக்கு தவறும். மெலிந்த மரத்தைப் பிறகு வண்டு துளைக்கும், ஆழத்து நீரும் இன்னும் நிரம்பியிருக்காது. மரங்களுக்கு எண் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று நல்ல மழைக்காலம் கழிந்தபின் மறுபடி ஒருமுறை எண்ணுங்கள்.