வான்கோழி வேட்டை: துப்பாக்கியைவிடத் தோட்டாவைக் கவனியுங்கள்

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குத் தயாராகிறவர்கள் 12 கேஜ் ஷாட்கன்தான் (ஒரே தோட்டாவிலிருந்து ரவை எனும் பல சிறு உலோகக் குண்டுகளைச் சுடும் துப்பாக்கி) வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு; எண் கூடினால் குழல் சிறிது. 20 கேஜ் எடை குறைவு, தோளில் உதையும் குறைவு. மரத்தில் சாய்ந்து மணிக்கணக்கில் அசையாமல் உட்கார அதுவே சௌகரியம்.

குறி, பறவையின் தலையும் கழுத்தும் மட்டுமே. உடம்பில் சுட்டால் அடர்ந்த இறகும் தசையும் ரவையின் வேகத்தைத் தின்றுவிடும். பறவை காயத்தோடு தப்பிவிடும். ஆகவே ரவைகள் சிதறாமல் நெருக்கமாகப் போக வேண்டும். குழல் முனையைக் குறுக்கி ரவைகளை நெருக்கும் ‘சோக்’ என்ற துண்டில், இறுக்கமான ‘ஃபுல்’ வகையைப் பொருத்துங்கள்.

ஈய ரவையில் 4, 5, 6 எண்கள் வழக்கம். எண் கூடினால் ரவை சிறிது. டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தி கொண்டது என்பதால் 9-ஆம் எண் பொடி ரவையே போதும். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்!

தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். 40 கஜத்தில் காகிதம் மாட்டிச் சுடுங்கள். 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை விழுந்தால் சரி. விழாவிட்டால் தோட்டாவை மாற்றுங்கள், அல்லது பறவையை இன்னும் அருகே வரவழைத்துச் சுடுங்கள். ரவை அளவுக்குச் சில மாநிலங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. வாங்கும் முன் அந்த ஆண்டின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.