கோலா கோழி இறக்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால் மணி நேரமாக அடுப்பில் கொதிக்கிறது. வாணலியில் கறுப்பாக, தண்ணியாக ஒரு சாறு. அதில் கோழி இறக்கைகள் மிதக்கின்றன. படத்தில் பார்த்த பளபளப்பைக் காணோம். பொறுமை போய்த் தீயைக் கூட்டிவிட்டு, சோறு வெந்ததா என்று அந்தப் பக்கம் திரும்புகிறீர்கள். திரும்பி வருவதற்குள் அடியில் தார் பூசினாற்போல் ஒரு படலம், வீடு முழுக்கக் கருகல் வாடை. முதல் தடவை எனக்கு இப்படித்தான் முடிந்தது. அந்த வாணலியின் அடியில் வடு இன்னும் இருக்கிறது.

பெயர் என்னவோ கோழிக்கறி. அடுப்பில் நடப்பது பாகு காய்ச்சுகிற வேலை. அதிரசத்துக்கோ கடலை மிட்டாய்க்கோ பாகு காய்ச்சத் தெரிந்தவர் அடுப்பை விட்டு ஓர் அடி நகரமாட்டார், போன் அடித்தாலும் எடுக்கமாட்டார். அதே ஆள் இந்தச் சமையலில் இறங்கும்போது மட்டும் குழம்பு வைக்கிற நிதானத்தோடு இறங்குகிறார். இதில் நேரும் தவறுகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

சீனாவில் இதற்குக் 'கெலெ ஜீச்சி' என்று பெயர். கெலெ என்றால் கோலா, ஜீச்சி என்றால் கோழி இறக்கை. ஓட்டல் பகட்டெல்லாம் இல்லாத வீட்டுச் சமையல் இது. பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது, வெளியூரில் தனியாகத் தங்கிப் படிக்கிறவர்கள் முதலில் செய்து பார்ப்பது. கோகோ கோலா 1927லேயே சீனாவுக்கு வந்துவிட்டது. 1949க்குப் பிறகு வெளியேறி, 1979இல் மறுபடி நுழைந்தது. ஆகவே ஊரெல்லாம் இந்தச் சமையல் பரவியது அதற்குப் பின்னால்தான். எந்த ஊரில் யார் முதலில் செய்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆனால் செய்முறை புதிதல்ல. சோயா சாஸ், சர்க்கரை, இஞ்சி, வெங்காயத்தாள், கொஞ்சம் அரிசி மது சேர்த்து இறைச்சியைச் செம்பழுப்பாக வேகவைக்கும் 'ஹோங்ஷாவ்' முறை அங்கே பழசு. அதில் சர்க்கரையும் தண்ணீரும் இருந்த இடத்தில் கோலா வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இது புரிந்தால் முதல் தவறு உங்களை நெருங்காது.

சர்க்கரை இல்லாத கோலா வாங்குவது

டயட், ஜீரோ என்று எழுதிய எதுவும் வேண்டாம். வீட்டில் சர்க்கரை நோய்க்காரர் இருக்கிறார், அவருக்காக என்று நல்லெண்ணத்தில் செய்வார்கள். சாதாரணக் கோகோ கோலாவில் 100 மில்லிக்குப் பத்தரை கிராமுக்குக் கொஞ்சம் மேலாகச் சர்க்கரை இருக்கிறது. 330 மில்லி டப்பா ஒன்றில் 35 கிராம், அதாவது எட்டு ஒன்பது தேக்கரண்டி. சாறு சுண்டச் சுண்ட இந்தச் சர்க்கரைதான் கெட்டிப்பட்டு இறக்கையின் மேல் படிகிறது. சர்க்கரை இல்லாத கோலாவை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு வராது. போதாக்குறைக்கு அதில் இனிப்புக்காகச் சேர்க்கும் அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பையும் இழந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது உப்பும் புளிப்பும் கலந்த கறுப்புத் தண்ணீர். சர்க்கரையைக் குறைக்க வேண்டியவருக்கு இறக்கையை எடுத்து வைத்துவிட்டு, சாற்றை ஊற்றாமல் விடுவதே வழி. அதுவும் ஒன்றோ இரண்டோதான்.

கேஸ் போன பழைய கோலா ஆகுமா என்று கேட்பார்கள். தாராளமாக ஆகும். கொதித்த ஓரிரு நிமிடத்தில் கேஸ் எல்லாம் பறந்துவிடும். அந்தக் குமிழிதான் கறியை மிருதுவாக்குகிறது என்பது வெறும் பேச்சு. கோலாவில் பாஸ்போரிக் அமிலம் இருப்பது உண்மை, புளிப்பும் நன்றாகவே உண்டு. ஆனால் இருபது நிமிடத்தில் அது கறியைப் பெரிதாக என்ன செய்துவிடப் போகிறது? இறக்கை மெத்தென்று ஆவதற்குக் காரணம் அதன் தோலும் மூட்டும். அவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மெதுவான சூட்டில் ஜெலட்டினாக உருகுகிறது. சாப்பிடும்போது உதடு ஒட்டுகிறதே, அது பாதி சர்க்கரையால், பாதி ஜெலட்டினால்.

தோல் உரித்த இறக்கை

மேலே சொன்ன காரணத்தாலேயே தோல் இல்லாத இறக்கை இதற்கு ஆகாது. நம் ஊர்க் கறிக்கடைகளில் கேட்காவிட்டால் தோலை உரித்தே கொடுத்துவிடுவார்கள். "றெக்கை மட்டும், தோலோட" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சீனாவில் இறக்கையின் நடுத்துண்டை மட்டும் தனியாகப் பிரித்து விற்கிறார்கள். அதைத்தான் இதற்கு வாங்குவார்கள். இங்கே முழு இறக்கை கிடைத்தால் மூட்டில் வெட்டி, நுனியை ரசத்துக்கோ சூப்புக்கோ ஒதுக்கிவிடலாம். தோலில் ஒட்டியிருக்கும் பூமுடியைத் தீயில் லேசாக வாட்டி எடுங்கள். மஞ்சள் தடவும் பழக்கத்தை இன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

உப்பு, காரம் உள்ளே இறங்க வேண்டும் என்று தோலை ஆழமாகக் கீறுவார்கள். சூடு பட்டதும் தோல் சுருங்கிக் கிழிந்து, இறக்கை சட்டையைக் கழற்றிப் போட்டதுபோல் நிற்கும். கீறல் வேண்டுமென்றால் தோல் மெலிந்த உட்பக்கத்தில் இரண்டு சாய்வான கோடு போதும்.

குளிர்ந்த தண்ணீரில் இஞ்சித் துண்டோடு இறக்கைகளைப் போட்டு, கொதி வந்து நுரை கட்டியதும் எடுத்துவிடுவது அங்கே பல வீடுகளில் வழக்கம். கவிச்சி போகும், சாறும் தெளிவாக இருக்கும். செய்யலாம், செய்யாமலும் விடலாம். ஆனால் அடுத்த வேலையை விடக்கூடாது: ஈரம் போகத் துடைப்பது. ஈர இறக்கை எண்ணெயில் வெடிக்கும், வாணலியில் ஒட்டும், பொன்னிறமாகவும் மாறாது. பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்தாலும் சரி, காகிதத்தால் துடைத்தாலும் சரி.

வறுக்காமல் நேராகக் கோலாவில் போடுவதும் நடக்கிறது. வேகும், ருசியும் மோசமில்லை; ஆனால் தோல் வெளிறிப்போய்க் கொழகொழவென்று இருக்கும். இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும், தோலே நெய் விடும். தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். தானாக வாணலியை விட்டு வந்தால் திருப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. இழுத்துப் பார்த்து வரவில்லை என்றால் அந்த நேரம் இன்னும் வரவில்லை.

விழுது போட்டால் கதை முடிந்தது

கோழி என்றாலே நம் கை தானாக இஞ்சி பூண்டு விழுதுக்குப் போகும். இங்கே போகக்கூடாது. விழுது சர்க்கரையோடு சேர்ந்து அடியில் அப்பிக்கொள்ளும், முதலில் கருகுவது அதுதான், பாகும் கலங்கலாகிவிடும். இஞ்சியை வட்டமாக நறுக்கி ஐந்தாறு துண்டு, வெங்காயத்தாள் இரண்டு, ஒரு அன்னாசிப்பூ. வேண்டுமென்றால் காய்ந்த மிளகாய் ஒன்றிரண்டு. கரம் மசாலா, மல்லித்தூள் எல்லாம் டப்பாவிலேயே இருக்கட்டும். கோலாவுக்கும் இஞ்சிக்கும் பொருத்தம் உண்டு. ஹாங்காங்கில் சளி பிடித்தால் கோலாவில் இஞ்சியும் எலுமிச்சையும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். நம் சுக்குக் கஷாயத்துக்கு அங்கே ஒரு தூரத்துச் சொந்தம்.

அரிசி மது கிடைக்காவிட்டால், அல்லது வீட்டில் வேண்டாம் என்றால், விட்டுவிடலாம். இஞ்சியை இன்னும் இரண்டு துண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

உப்பு விஷயத்தில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். ஆரம்பத்தில் சாற்றை நாக்கில் விட்டுப் பார்த்து, சப்பென்று இருக்கிறதே என்று உப்பைத் தூவுவார்கள். அந்தச் சாறு ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டப்போகிறது. தண்ணீர் போகும், உப்பு எங்கே போகும்? ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. அரைக் கிலோ இறக்கைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் ஒரு தேக்கரண்டி உப்பைக் கொட்டியதற்குச் சமம். அதற்கு மேல் உப்பு தேவைப்படாது. சுண்டிய பிறகு ருசி பார்த்துச் சேர்ப்பதில் தவறில்லை, அதற்கு முன் வேண்டாம்.

சீனச் சமையலறையில் சோயா சாஸ் இரண்டு விதம். 'ஷெங்சோவ்' மெலிதானது, ருசிக்கும் உப்புக்கும். 'லாவ்சோவ்' கெட்டியானது, நிறத்துக்கு மட்டும். அதில் அரைத் தேக்கரண்டி போதும். அளவு மாறிப்போனால் இறக்கை அடுப்புக்கரி மாதிரி ஆகிவிடும். நம் கடைகளில் 'டார்க்' என்று எழுதியிருக்கும் பாட்டில்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

கோலாவின் அளவு

"இறக்கை மூழ்கும் வரை கோலா ஊற்றவும்" என்ற ஒரு வரிதான் பல செய்முறைகளில் இருக்கும். உங்கள் வாணலி எவ்வளவு அகலம் என்பது எழுதியவருக்கு எப்படித் தெரியும்? அகல வாணலியில் மூழ்க வைக்க முக்கால் லிட்டர் கூடப் பிடிக்கும், அவ்வளவும் சுண்டினால் அது ஜாங்கிரிப் பாகு. அரைக் கிலோவுக்கு, அதாவது பத்துப் பன்னிரண்டு நடுத்துண்டுகளுக்கு, 330 மில்லி. அதற்கு மேல் மூழ்கவில்லை என்றால் வெந்நீர் ஊற்றுங்கள், கோலா வேண்டாம். தேன், வெல்லம், சர்க்கரை என்று கூடுதலாக எதுவும் சேர்க்காதீர்கள். சோளமாவும் வேண்டாம். சோளமாவில் வருவது கெட்டித்தன்மை, பாகில் வருவது பளபளப்பு. முதலாவது ஆறினால் கூழாகிவிடும்.

ஊற்றும்போது தீயைத் தணித்து, வாணலியின் ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக. சூடான எண்ணெயில் கோலாவை ஒரேயடியாகக் கவிழ்த்தால் நுரை பொங்கி அடுப்பு வரை வழியும். குழந்தைகளை அந்த நேரத்தில் பக்கத்தில் விடாதீர்கள். அவர்களுக்கு இன்னொன்றும்: கோலாவில் இருக்கும் காஃபீன் கொதித்தால் ஆவியாகிவிடாது, அது சாற்றிலேயே தங்கும். ராத்திரி ஒன்பது மணிக்குச் சாற்றைச் சோற்றில் பிசைந்து ஊட்டிவிட்டு, பிள்ளை தூங்கவில்லையே என்று அலுத்துக்கொள்ளக்கூடாது.

பதம்

கொதி வந்ததும் மூடி போட்டு, சின்னத் தீயில் பதினைந்து நிமிடம். இறக்கை வெந்துவிடும். இதற்குப் பிறகு வருவதைச் சீனத்தில் 'ஷோவ்ஜி' என்கிறார்கள், சாற்றைச் சுண்டவைப்பது. மூடியை எடுத்துத் தீயைக் கூட்ட வேண்டும். மூடியோடு சுண்டவைக்க முயல்வது நேர விரயம். ஆவி மேலே போய்த் தண்ணீராகத் திரும்ப விழுந்துகொண்டே இருக்கும்.

இங்கே கண்ணும் காதும் வேலை செய்ய வேண்டும். முதல் மூன்று நான்கு நிமிடம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும்: பெரிய குமிழிகள், சளசளவென்ற சத்தம். இந்தக் கட்டத்தில்தான் ஆள் நகர்வார். நகராதீர்கள். பிறகு குமிழிகள் சிறுத்து, நெருங்கி, மினுக்கத் தொடங்கும். சத்தம் கனத்துப் பொத் பொத்தென்று மாறும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு நொடி நின்று மூடும். அப்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். வாணலியில் இன்னும் மூன்று நான்கு மேசைக்கரண்டி சாறு இருக்கும், போதவில்லையோ என்று மனம் சொல்லும். போதும். ஆறும்போது அது இன்னும் இறுகும். கம்பிப் பதம் வரும்வரை நின்றால், தட்டுக்குப் போகும்போது மிட்டாயாகிவிடும்.

ஏன் இவ்வளவு வேகமாகக் கருகுகிறது? தண்ணீர் இருக்கும் வரை சாறு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் குறைந்து, சாற்றில் பாதி சர்க்கரை என்றானதும் சூடு மேலே ஏறத் தொடங்குகிறது. சாதாரணச் சர்க்கரை 160 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கருக ஆரம்பிக்கும். ஆனால் கோலாவின் அமிலம் கொதிக்கும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடுகிறது. ஃபிரக்டோஸ் 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கும். வெல்லப்பாகு கொடுக்கிற அவகாசத்தைக் கூடக் கோலாப் பாகு கொடுக்காததற்கு இதுதான் காரணம். இரும்பு வாணலி என்றால் இன்னொரு தொல்லை, அணைத்த பிறகும் அது சூட்டை விடாது. உடனே தட்டுக்கு மாற்றுங்கள். பழகிய இரும்பு வாணலியின் எண்ணெய்ப் பூச்சைக் கோலாவின் புளிப்பு அரிக்கவும் செய்யும். அலுமினியமும் இதற்கு வேண்டாம். அடி கனத்த எவர்சில்வரோ நான்ஸ்டிக்கோ இருந்தால் நிம்மதி.

கைமீறிப் போனால்: கருகல் வாடை வந்த உடனே இறக்கைகளை மட்டும் வேறு பாத்திரத்துக்கு எடுத்துவிடுங்கள், அடியைச் சுரண்டாதீர்கள். சுரண்டினால் கசப்பு எல்லாவற்றிலும் ஏறும். ரொம்ப இறுகிவிட்டால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர். இனிப்பு தூக்கலாக இருந்தால், அணைத்த பிறகு நாலு சொட்டு எலுமிச்சை. உப்பு கூடிவிட்டால் அவித்த முட்டையையோ உருளைக்கிழங்கையோ போட்டுப் புரட்டிச் சாற்றைப் பங்கு போடலாம். முட்டைக்கே இது ஒரு தனி ருசி.

சிலர் இதையும் ஹாங்காங்கின் 'சுவிஸ் விங்ஸ்'ஸையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். அது 1860இல் குவாங்ஜோவில் தொடங்கிய தாய் பிங் கூன் என்ற உணவகத்தின் பெயர்பெற்ற சமையல், இனிப்புச் சோயா சாஸில் செய்வது. 'ஸ்வீட்' என்று சொன்னதை யாரோ 'சுவிஸ்' என்று கேட்டதால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. சுவிட்சர்லாந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கோலாவுக்கும் இல்லை.

மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் சாறு அல்வா மாதிரி உறைந்திருக்கும். கெட்டுப்போகவில்லை, ஜெலட்டின் அப்படித்தான். மைக்ரோவேவில் அப்படியே வைத்தால் ஓரத்துச் சர்க்கரை கருகும். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, சின்னத் தீயில் சூடாக்குங்கள். நேற்று அடிபிடித்த வாணலியில் அப்போதே வெந்நீர் ஊற்றி வைத்திருந்தால் இந்நேரம் படலம் தானாகக் கழன்றிருக்கும். காயவிட்டிருந்தால், கம்பி நாரை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.