கோடையில் சிம்ஸ் பூங்காவைச் சாவகாசமாகப் பார்க்க

மே மாதம் நீலகிரிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் நேராக ஊட்டி தாவரவியல் பூங்காவில் போய் நிற்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து, புல்வெளி ஓரமாக நாலு போட்டோ எடுத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த இடத்துக்கு ஓடுகிறார்கள். ஊட்டியை விடச் சொல்லவில்லை. ஆனால் முதலில் குன்னூரில் இறங்குங்கள், ஒரு காலை முழுக்க சிம்ஸ் பூங்காவுக்கென்றே ஒதுக்குங்கள். சீசன் நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள், அதனால் எப்படியும் குன்னூரைத் தாண்டித்தான் ஊட்டி போவீர்கள்.

கிளம்பும் முன் இ-பாஸ் (இணையத்தில் பதிவு செய்து எடுக்கும் வண்டி அனுமதிச் சீட்டு) வேலையை முடித்துவிடுங்கள். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூரிலிருந்து சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்களுக்கு இது வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள், ஆகவே சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு பதிவு செய்து கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தக் கவலையே இல்லை. மலை ரயில் அருமையான பயணம்தான், ஆனால் மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பி குன்னூர் சேர்வதற்குள் பூங்காவுக்கான நல்ல நேரம் போய்விடும். ஊட்டியிலிருந்து திரும்பி வரும்போது மதிய ரயிலில் இறங்குவது எனக்குப் பிடித்த வழி, டிக்கெட்டை மட்டும் ரொம்ப முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். அப்புறம், தண்ணீர். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, பிடிபட்டால் அபராதம். வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் பாட்டிலை எடுத்துப் போங்கள், வழியில் இருக்கும் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

பூங்கா திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், அதுவும் வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் மலையில் காலை வெளுப்பாக இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் கூடி இடியோடு மழை இறங்கும். பதினொரு மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் வேறு வரிசையாக வர ஆரம்பிக்கும். குளிராக இருக்கிறதே என்று வெயிலை லேசாக நினைத்துவிடாதீர்கள், இந்த உயரத்தில் தோல் சீக்கிரம் கறுத்துவிடும், தொப்பியும் குடையும் இரண்டுமே வேண்டும்.

சிம்ஸ் பூங்கா சமதளத்தில் போட்ட தோட்டம் இல்லை. 1874இல் சென்னை அரசின் செயலாளராக இருந்த ஜே. டி. சிம், மேஜர் மர்ரே என்ற இருவரின் முயற்சியில், ஒரு பள்ளத்தாக்கின் சரிவிலேயே இதை அமைத்தார்கள். சுமார் 12 ஹெக்டேர். இதன் அழகே என்னவென்றால், அங்கே ஏற்கெனவே இருந்த சோலை மரங்களையும் பாறைகளையும் வெட்டித் தள்ளாமல் அப்படியே வைத்துக்கொண்டு, இடையிடையே வெளிநாட்டு மரங்களை நட்டது. அதனால் பூப்பாத்திகளோடு நின்றுவிடாமல் அண்ணாந்து பாருங்கள். ஊசியிலை மரங்கள், ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்த மரப் பெரணிகள், ருத்ராட்ச மரம் என்று ஒவ்வொன்றாக நின்று பார்க்கலாம். ருத்ராட்சக் காய் நீல நிறத்தில் இருக்கும், அதன் சதைக்குள் இருக்கும் கொட்டைதான் நாம் மாலையாகக் கோக்கும் மணி என்று குழந்தைகளிடம் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அந்த மரத்தடியிலிருந்து அவர்களை நகர்த்துவது சிரமம். மரங்களில் பெயர்ப்பலகை மாட்டியிருப்பார்கள், அதை வாசித்துக்கொண்டே போனால் இரண்டு மணி நேரம் போனதே தெரியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. வாசல் மேலே இருக்கிறது, பாதை கீழே இறங்கிக்கொண்டே போகும். முதல் முறை அம்மாவோடு போனபோது பேச்சு சுவாரசியத்தில் கீழே குளம் வரை இறங்கிவிட்டோம், திரும்பி ஏறும்போது முட்டி வலியில் அம்மா ஒவ்வொரு வளைவிலும் உட்கார வேண்டியதாகிவிட்டது. வயதானவர்களோடு போனால் பாதிச் சரிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேல் பகுதியிலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

மே மாதம் இங்கே பழக் கண்காட்சி நடக்கும், பழங்களாலேயே பெரிய பெரிய உருவங்கள் செய்து வைப்பார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் போங்கள், பாத்திகளில் பூ அப்போதே நிறைந்திருக்கும், கூட்டம் இருக்காது. ஊட்டி மலர்க் கண்காட்சிக்கும் இதே கணக்குதான்.

மறுநாள் ஊட்டிக்குப் போகலாம். தாவரவியல் பூங்கா 55 ஏக்கர், 1848 வாக்கில் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் உருவாக்கியது, கல்லாகிப்போன பழைய அடிமரம் ஒன்று அங்கே இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். மேட்டில் தோடர் பழங்குடியினரின் மந்து, அதாவது அவர்களுடைய சிற்றூர், இருக்கிறது, அது காட்சிப் பொருள் அல்ல, மக்கள் குடியிருக்கும் இடம். கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். ரோஜா பூங்கா 1995இல் நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக வந்தது, நிழல் குறைவு, அதனால் அதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காமல் இருந்தால் நல்லது. கூட்டமே வேண்டாம் என்றால் குன்னூர் பக்கம் காட்டேரி பூங்கா, சிறியது, சுற்றிலும் தேயிலை, ஒரு மணி நேரம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

மதிய மழை பிடித்துக்கொண்டால் டீக்கடையில் ஒதுங்கி சூடாக ஒரு டீயும், மொறுமொறுவென்ற ஊட்டி பிஸ்கட்டான வர்க்கியும் சாப்பிடுங்கள். விடுமுறை தள்ளிப்போய் ஜூன், ஜூலையில்தான் கிளம்ப முடிகிறது என்றாலும் சரி, அப்போது ஏறும் வழியில் பர்லியாறு கடைகளில் மங்குஸ்தான் வந்திருக்கும்.