பாட்டை விலைக்கு வாங்குவது எப்படி: டவுன்லோடா, சிடியா, கேசட்டா?

மாதாமாதம் செயலிக்குப் பணம் கட்டிப் பாட்டுக் கேட்கிற பலர், அந்தப் பாட்டெல்லாம் தங்களிடம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். சந்தா ஓடிக்கொண்டிருக்கும்போதே, செயலிக்கும் இசைக் கம்பெனிக்கும் ஒப்பந்தம் முடிந்துபோனால் நேற்றுவரை கேட்ட பாட்டு இன்று தொட்டாலும் ஓடாமல் கிடக்கும். செயலிக்குள் இருக்கும் ‘டவுன்லோட்’ பட்டனும் அப்படித்தான், அது அந்தச் செயலிக்குள் மட்டும் ஓடுகிற பூட்டுப் போட்ட ஃபைல். பத்து வருஷம் கழித்தும் கேட்பேன் என்று தோன்றுகிற ஆல்பங்களையாவது விலை கொடுத்து வாங்கி, பூட்டில்லாத ஃபைலாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. எங்கே வாங்குவது, எதை வாங்குவது, வாங்கியதை என்ன செய்வது என்று வேலூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: பட்டியல்

பாட்டுப் பெயராக எழுதாமல் ஆல்பம் பெயராக எழுதுங்கள். எழுதி முடித்தால் அது தானாகவே மூன்றாகப் பிரியும். தனி இசைக் கலைஞர்கள், பேண்டுகள் போட்ட ஆல்பங்கள் ஒரு வகை. இவற்றில் பலவற்றுக்கு சிடியே வந்திருக்காது, டவுன்லோட்தான் வழி. இரண்டாவது, 1980-களிலிருந்து 2000-கள் வரையான சினிமாப் பாட்டு. இதற்கு நான் சிடி பக்கம்தான். மூன்றாவது வகை எந்தக் கடையிலும் சுலபமாகக் கிடைக்காதது: காட்பாடிக்குப் பக்கத்துக் காங்கேயநல்லூரில் 1906-ல் பிறந்த கிருபானந்த வாரியாரின் சொற்பொழிவுக் கேசட்டுகள், நம் பக்கத்துத் தெருக்கூத்துப் பதிவுகள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு மாதிரி திருவிழாக்களில் கடை போட்டு விற்ற அம்மன் பாட்டுகள். இவை வீட்டுப் பரணில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எல்பி ரெக்கார்ட் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தொடக்கக்காரர்களுக்கு அது வேண்டாம். ப்ளேயர், ஊசி என்று செலவு போய்க்கொண்டே இருக்கும், அதோடு கத்திரி வெயிலில் நம் ஊர் மாடி அறையில் வைத்தால் தட்டு நெளிந்துவிடும்.

இரண்டாம் படி: டவுன்லோட் வாங்குவது

இந்தியாவிலிருந்து வாங்க இரண்டு இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று ஆப்பிள் கம்பெனியின் ஐடியூன்ஸ் ஸ்டோர், இந்தியாவுக்கு 2012 டிசம்பரில் வந்தது. இங்கே வாங்கும் பாட்டு 256 கேபிபிஎஸ் ஏஏசி ஃபைலாக வரும் (ஏஏசி என்பது எம்பி3 மாதிரி சுருக்கிய ஃபைல் வகை, கேபிபிஎஸ் எண் கூடினால் அதே வகையில் ஒலித் தரமும் கூடும்), பூட்டு கிடையாது, ஆண்ட்ராய்டு போனிலும் காரிலும் ஓடும். ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்குவது வேறு, அதற்குப் பூட்டு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று பேண்ட்கேம்ப். 2008-லிருந்து இருக்கிறது, தனி இசைக் கலைஞர்கள் தங்கள் ஆல்பத்துக்குத் தாங்களே விலை வைத்து விற்கிறார்கள். டிஜிட்டல் விற்பனையில் தளம் பொதுவாக 15 சதவீதமும் பணம் கைமாறும் கட்டணமும் போக மீதியைக் கலைஞருக்கே கொடுக்கிறது, அதனால் எனக்கு இங்கே வாங்குவதில் தனி திருப்தி. செய்ய வேண்டியது இதுதான்: கணக்கு ஒன்று தொடங்குங்கள், ஆல்பத்தை முழுதாக ஒருமுறை கேளுங்கள் (பெரும்பாலும் இலவசமாகக் கேட்கவிடுவார்கள்), பிடித்தால் ‘பை டிஜிட்டல் ஆல்பம்’ அழுத்துங்கள். பணம் கட்டும் இடத்தில்தான் பலருக்குச் சிக்கல் வரும். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புது கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியேதான் வரும், நாம்தான் திறக்க வேண்டும். வங்கிச் செயலியில் கார்டு அமைப்புக்குள் போய் ‘இன்டர்நேஷனல் ஆன்லைன்’ என்பதைத் திறந்து, வரம்பை அந்த ஆல்பத்துக்குத் தேவையான அளவு மட்டும் வைத்து, வாங்கி முடித்ததும் திரும்ப மூடிவிடுங்கள்.

பணம் போனதும் எந்த ஃபார்மட் வேண்டும் என்று கேட்கும். கம்ப்யூட்டர் இருந்தால் ஃப்ளாக் எடுங்கள். சிடியில் இருக்கும் ஒலியை ஒரு துளி இழக்காமல் சுருக்கி வைப்பது அது. போன் மட்டும்தான் என்றால் 320 கேபிபிஎஸ் எம்பி3 தாராளமாகப் போதும், ஐந்து நிமிஷப் பாட்டு 12 எம்பி வரும். ஃபைலை பிரவுசர் வழியாகத்தான் இறக்க வேண்டும், பேண்ட்கேம்ப் செயலிக்குள் சேமிப்பது அந்தச் செயலியில் கேட்க மட்டும்தான் உதவும். ஜிப்பாக வரும், விரித்துக்கொள்ளுங்கள்.

இறக்காமல் ‘கணக்கில்தானே இருக்கிறது’ என்று விட்டுவிடக் கூடாது. 2012 பிப்ரவரியில் ஃப்ளிப்கார்ட் ஃப்ளைட் என்று ஒரு பாட்டுக் கடை தொடங்கியது, 2013 ஜூனில் மூடிவிட்டது. கூகுள் ப்ளே மியூசிக் 2020-ல் போனது. கடை போகும், ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இருந்தால் அது போகாது.

மூன்றாம் படி: சிடி வாங்குவது

பழைய சினிமாப் பாட்டுக்கு ஏன் சிடி? செயலிகளில் இருக்கும் சில பாட்டுகளில் தொடக்க இசை வெட்டுப்பட்டிருக்கும், சிலவற்றில் சத்தத்தை ஏற்றி ஏற்றி மெல்லிய இடமே இல்லாமல் அடித்திருப்பார்கள். நல்ல சிடியில் தபேலாவும் வயலினும் தனித்தனியாகக் காதில் விழும்.

ஆடியோ கடைகள் பலவும் செல்போன் கடைகளாகிவிட்ட காலம் இது, அதனால் பழைய சிடியைத்தான் தேட வேண்டும். வீடு காலி செய்கிறவர்கள், காயலான் கடை, ஆன்லைனில் பழைய பொருள் விற்கும் இடங்கள். முதலில் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள், சித்தப்பா வீட்டு அலமாரியில் ஒரு டப்பா நிறைய சும்மா கிடக்கும். நாள் ஒதுக்க முடிந்தால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்குங்கள். பக்கத்திலேயே மூர் மார்க்கெட், அல்லிக்குளம் வளாகம். பழைய ரெக்கார்டும் கேசட்டும் தேடுகிறவர்கள் அங்கே வெகுகாலமாகப் போய்வருகிறார்கள்.

கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அது ஆடியோ சிடியா, எம்பி3 சிடியா என்பது. அட்டையில் நூறு பாட்டு, நூற்றைம்பது பாட்டு என்று போட்டிருந்தால் எம்பி3, விட்டுவிடுங்கள். ஆடியோ சிடியில் அதிகபட்சம் 80 நிமிஷம்தான் ஏறும், ‘காம்பாக்ட் டிஸ்க் டிஜிட்டல் ஆடியோ’ முத்திரை இருக்கும்.

அப்புறம் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் கீறல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வட்டப் போக்கில், தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் பாட்டைத் திக்க வைக்கும். எல்லாரும் பளபளக்கும் பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள், நீங்கள் அச்சிட்ட பக்கத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். வெள்ளிப் பூச்சு அந்த மைக்கு அடியில்தான் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம், மேலே பூச்சு உரிந்தால் அந்த இடத்துப் பாட்டு போனது போனதுதான். தட்டை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தால், ஊசி குத்தியது போல வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அப்படித் தெரிந்தால் வாங்க வேண்டாம். துடைக்கும்போதும் நடுவிலிருந்து வெளியே துடையுங்கள், சுற்றித் துடைக்காதீர்கள்.

நான்காம் படி: சிடியிலிருந்து ஃபைல்

யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வேண்டும், எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். விண்டோஸில் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ இலவசம். மேக்கில் ‘எக்ஸ்எல்டி’. தட்டைப் போட்டு, பாதுகாப்பு முறையில் (‘செக்யூர் மோட்’) படிக்கச் சொல்லி, ஃப்ளாக்காக எடுங்கள். இந்த மென்பொருள்கள் நீங்கள் எடுத்ததை, அதே சிடியை உலகத்தில் மற்றவர்கள் எடுத்ததோடு ‘அக்யூரேட்ரிப்’ வழியாக ஒப்பிட்டு, சரியாக வந்ததா என்றும் சொல்லும். தமிழ் சிடிகள் பல அந்தப் பட்டியலில் இருக்காது, பயப்பட வேண்டாம், பிழை இல்லை என்று வந்தால் போதும். ஆறு பாட்டு, அரைமணி நேர ஆல்பம் ஒன்று ஃப்ளாக்கில் ஏறக்குறைய 180 எம்பி. 64 ஜிபி மெமரி கார்டில் இப்படி 300 ஆல்பம் வைக்கலாம்.

ஐந்தாம் படி: பெயர் வைப்பது

சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாவிட்டால் சேகரிப்பே பயன்படாது. தமிழ் சினிமா ஆல்பத்தில் பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவார். ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் பாடகர் பெயரை மட்டும் போட்டுவிட்டால், ஒரே படம் போனில் ஆறு துண்டாகச் சிதறிக் கிடக்கும். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்று தனி இடம் இருக்கிறது, அங்கே எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். இன்னொன்று, நம் சிடிகளில் இரண்டு மூன்று படங்களை ஒன்றாகப் போட்டு விற்றிருப்பார்கள். தட்டு ஒன்று என்றாலும் படத்துக்கு ஒரு ஆல்பமாகப் பிரித்துவிடுங்கள், வருஷத்தையும் அந்தந்தப் படத்தின் வருஷமாகவே போடுங்கள், சிடி வந்த வருஷத்தைப் போடாதீர்கள். ‘மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட்’ என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கு நல்லது. தமிழிலேயே பெயர் அடிக்கலாம், இப்போதைய போன்கள் ஒழுங்காகக் காட்டும்.

ஆறாம் படி: கேசட்

கடையில் கிடைக்காத மூன்றாவது வகைக்கு மட்டும் இந்தப் பாடு. ப்ளேயரில் போடுவதற்கு முன்னால் கேசட்டின் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். நாடாவுக்குப் பின்னால் சின்னத் தகட்டின்மேல் கம்பளித் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும், அது விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். உள்ளே சுருளில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போடவே போடாதீர்கள், ப்ளேயரில் நாடாவைப் படிக்கிற ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். நன்றாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு, ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேசட் ப்ளேயரின் ‘லைன் அவுட்’டிலிருந்து கம்ப்யூட்டரின் ‘லைன் இன்’னுக்கு வயர். மைக் துளையில் சொருகினால் பிளிறும். ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யுங்கள், சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். 60 நிமிஷக் கேசட் பக்கத்துக்கு 30 நிமிஷம், கூடவே இருந்து ஓடவிட வேண்டியதுதான், குறுக்குவழி கிடையாது. சத்தம் நீக்குகிறேன் என்று ஃபில்டர்களைப் போட்டு வாரியார் குரலைத் தகர டப்பாவாக்கிவிடாதீர்கள். முதலில் இருப்பதை இருக்கிறபடியே ஃப்ளாக்காகச் சேமியுங்கள், சுத்தம் செய்வதெல்லாம் அதன் நகலில்.

ஏழாம் படி: வைப்பது

எந்த ஃபைலும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்: கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, முடிந்தால் அந்த டிஸ்க் வேறு வீட்டில். போனுக்கு மாற்ற ஓடிஜி கேபிளோ (போனில் பென் டிரைவைச் சொருக உதவுவது) கார்டு ரீடரோ போதும், வேலூர் சாரதி மாளிகைப் பக்கம் செல்போன் கடைகளில் கேளுங்கள். மெமரி கார்டில் ஆயிரம் பாட்டு ஏற்றித் தருகிறோம் என்று எந்தக் கடையில் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் மட்டமான நகல், அதில் இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் ஒரு காசு போகாது. அதேபோல நீங்கள் எடுத்த ஃபைலும் உங்கள் சொந்தக் கேட்புக்கு மட்டும், வாட்ஸ்அப் குரூப்புக்கு இல்லை.

ஃபைல் எடுத்தாயிற்று என்று சிடியையும் கேசட்டையும் தூக்கிப் போட வேண்டாம். மேற்குச் சுவர் ஒட்டிய பீரோவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழான பரணும் ஏப்ரல், மே மாதங்களில் அடுப்பாகக் கொதிக்கும். தரைத்தளத்தில், வெயில் விழாத அறையில், சிடியைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். கேசட்டை டிவி, ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சொருகி, வெவ்வேறு ஃபோல்டரிலிருந்து நாலைந்து பாட்டைக் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள். ஒன்று திக்கினாலும் அன்றைக்கே புது டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.