முழங்கால் தசைநாண் கிழிந்தபின் செய்யும் பயிற்சிகள்: தொடக்க நிலையினருக்கான விளக்கம்

முழங்கால் சில்லை மேலே தொடைத் தசையோடும் கீழே கால் எலும்போடும் பிணைப்பவை தசைநாண்கள். அவற்றுள் ஒன்று முழுவதும் அறுந்துவிட்டால் காலை நீட்டியபடி தூக்க முடியாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் தைத்தாக வேண்டும். எந்த வாரத்தில் எவ்வளவு மடக்கலாம் என்பது தையலின் உறுதியைப் பொறுத்தது என்பதால், கீழுள்ள ஒவ்வொரு படியையும் உங்கள் மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்குங்கள்.

முதல் படி, தொடைத் தசையை இறுக்குவது. எளிதாகத் தோன்றினாலும் பலர் தவறுவது இங்கேதான். காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை மெல்லக் கீழ்நோக்கி அழுத்துங்கள். சில்லுக்குச் சற்று மேலே விரலை வைத்தால் தசை கெட்டிப்படுவதும், சில்லு இடுப்புப் பக்கமாக இலேசாக நகர்வதும் தெரியும். தொடை தளர்ந்தே இருந்து பிட்டம் மட்டும் இறுகினால் அது கணக்கில் சேராது. 5 விநாடி இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். இப்படி 10 முறை. மூட்டு வீங்கியிருக்கும்போது நரம்புகள் இத்தசையை அடக்கி வைப்பதால், முதல் சில நாட்கள் அது கேட்காமல் போவது இயல்பே.

அடுத்து, குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குதல். காலைத் திரும்ப நீட்டும்போது சொந்த பலத்தைப் பயன்படுத்தாமல், பாதத்தில் மாட்டிய துண்டாலோ மற்றக் காலாலோ உதவுங்கள். அனுமதித்த பாகைக்கு மேல் ஒரு பாகைகூட வேண்டாம். நடக்கும்போது, பொதுவாக முதல் 6 வாரங்கள் வரை, பிரேஸ் (முழங்காலைத் தாங்கும் கவசம்) கால் மடங்காதபடி பூட்டியே இருக்கும்.

மூன்றாவதாக, நீட்டிய காலைத் தூக்குதல். தூக்கும்போது முழங்கால் சிறிதளவு தொய்ந்தாலும் இறக்கிவிட்டு முதல் படிக்கே திரும்புங்கள். தொய்வோடு நூறு முறை தூக்குவதைவிட நேராகப் 5 முறை தூக்குவதே மேல் என்பது என் கருத்து.

பிரேஸைக் கழற்றிய பின், நாற்காலியைப் பிடித்தபடி அரைகுறையாகக் குந்துவதும் தாழ்வான படி ஏறுவதும் வரும். உடல் எடை நல்ல காலுக்கே சாய்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஓட்டமும் தாவலும் 6 மாதத்திற்கு முன் அரிது.

எந்தப் படியிலும் அளவுகோல் மறுநாள் காலை வீக்கமே. முழங்காலின் நடுவே டேப்பால் அளந்து, முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் பயிற்சியைக் குறையுங்கள். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், காயத்தில் கசிவு, காய்ச்சல், அல்லது ‘டப்’பென்ற ஒலிக்குப் பின் காலைத் தூக்க இயலாமை ஏற்பட்டால், பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.