படிவம் ஒன்றுக்கு முன் கணக்கின் மலாயைப் பழக்கும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஆறாம் ஆண்டை முடிக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குக் கணக்கு தெரியும். இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் அதே கணக்கு மலாயில் வரும்போதுதான் தடுமாறும். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2021இல் ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வும் போனது. இத்தனை மாற்றத்துக்குப் பிறகும், கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்டம் இல்லாத பள்ளிகளில் தமிழிலிருந்து மலாய்க்குத் தாவும் வேலை பிள்ளையின் தலையில்தான். எட்டு வாரம், நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

தேவைப்படுபவை ஒரு 120 பக்க நோட்டும், அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய படிவம் ஒன்று கணிதப் பாடநூலும். முதல் மூன்று வாரம் நாளுக்கு 4 சொல், வாரம் 5 நாள், மொத்தம் 60. வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், மறுவாரமே மறந்துவிடும். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த தெரு மலாயோடு கோத்துவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் 'பெச்சா', பின்னம் 'பெச்சாஹான்'. கடைக் கதவில் 'தள்ளு' என்பதற்கு எழுதியிருக்கும் 'தோலாக்'தான் கழித்தல். மீதி 'பாக்கி', நம் சொல்லேதான். இருசமபக்க முக்கோணம் 'சாமா காக்கி', இரண்டு கால் சமம். கால் வரைந்தே காட்டுங்கள்.

அடுத்த மூன்று வாரம் வாக்கியம். பெரும்பாலான மதிப்பெண் தொலைவது இங்கேதான். தமிழில் கீழெண் முதலில் வரும்: நான்கில் மூன்று. மலாயில் மேலெண் முதலில்: தீகா பெர் எம்பாட். மனத்துக்குள் தமிழ் வரிசையில் எழுதும் பிள்ளை 3/4ஐ 4/3 ஆக்கிவிடும். கழித்தலிலும் இதே சிக்கல். '12இலிருந்து 5ஐக் கழி' என்பது மலாயில் 'தோலாக் 5 டாரிபாடா 12' என்று வரும். எண்களை வந்த வரிசையில் எழுதினால் 5 − 12. 'டாரிபாடா'வைக் கண்டதும் அதன் கீழ் கோடிட்டு, அதற்குப் பின்னுள்ள எண்ணை முதலில் எழுதச் சொல்லுங்கள். ஒப்பீட்டில் இந்த விதி உதவாது. அலியிடம் 12 கோலி, அது பாலாவைவிட 3 'லெபே' (அதிகம்) என்றால், 'லெபே' என்றாலே கூட்டல் என்று பழகிய பிள்ளை 15 எழுதும்; விடை 9. யாரிடம் அதிகம் என்று முதலில் இரண்டு பட்டை வரையட்டும்.

காதுக்கும் பயிற்சி வேண்டும். 'லிமா பெலாஸ்' 15, 'லிமா பூலோ' 50. நாளுக்குப் பத்து எண் சொல்லி எழுத வையுங்கள்.

கடைசி இரண்டு வாரம் பாடநூலின் முழுக் கணக்குகள், நாளுக்கு மூன்று. தப்பு வந்தால் அதே கணக்கைத் தமிழில் கொடுத்துப் பாருங்கள். தமிழில் சரியென்றால் குறை மொழியில். வாக்கியப் பயிற்சிக்குத் திரும்புங்கள். தமிழிலும் தப்பென்றால் கருத்தே புரியவில்லை. அதை மலாயில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது, தமிழிலேயே மறுபடி விளக்குங்கள். மலாய் வரவேண்டுமென்று வீட்டில் தமிழை நிறுத்துவது வேண்டவே வேண்டாம். பிள்ளை ஊன்றி நிற்கும் இடமே அதுதான்.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால், 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் வசதி செய்துதர வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. கையொப்பங்களைப் பள்ளி திறக்குமுன்பே சேர்த்து, கால அட்டவணை முடிவாகுமுன் பள்ளி முதல்வரிடம் கொடுத்துவிடுங்கள்.